வெள்ளிக்கிழமைக் குளியலும் கீழ்வீட்டுக் காப்பியும்

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் வராது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைப்பார், இல்லையென்றால் அடுப்புப் பக்கத்தில் வைப்பார். இளகிவிடும். இது தெரிந்த ஊரில் பிறந்த பெண்தான் என் மகள். போதாததற்கு எண்ணெய்க்காரன் மகள். அப்படிப்பட்டவளுக்கு வெளிநாட்டில் நடந்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவள் படித்த பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்காகப் பெரிய டீச்சர் எழுதச் சொன்னார். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தப்பு இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்வார்.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் சீசனுக்குக் கடை போடுவேன். துண்டு, பனியன், சின்னப் பிள்ளைகளுக்கு டவுசர், நேந்திரம் சிப்ஸ் இருக்கும். எண்ணெயும் இருக்கும், ஆனால் அது வீட்டுக்கு வாங்கிப் போவதற்கு. அருவியில் எண்ணெய், சீயக்காய், சோப்பு தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று போர்டு இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீசன் முடிந்ததும் தென்காசியில் வீட்டிலேயே வேலை. செக்கில் ஆட்டி வந்த எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து, பைக்கில் கட்டி, அச்சன்புதூரிலும் புளியறையிலும் கடைகளுக்குப் போடுவேன். இந்த எண்ணெயை நம்பித்தான் மகள் கல்லூரிவரை படித்தாள்.

கல்லூரி முடிந்ததும் மேல்படிப்புக்குப் போலந்து நாட்டில் கிராக்கோ என்கிற ஊரில் இடம் கிடைத்தது. அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுவது, அது போகிற வழி, வருகிற வழி, இதெல்லாம் அந்தப் படிப்பு. சாக்கடைப் படிப்புக்கு விமானம் ஏறிப் போக வேண்டுமா என்று தெருவில் சிலர் கேட்டார்கள். நம் ஊர்ச் சிற்றாற்றில் கோடையில் கால் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று அவளே பதில் சொன்னாள்.

அவள் போன பிறகு அந்த ஊரை நாங்கள் போனில்தான் பார்த்தோம். வகுப்புக்கு நடந்து போகும்போது காட்டிக்கொண்டே போவாள். தரையெல்லாம் கருங்கல் பாவிய தெருக்கள். ஆற்றங்கரையில் ராஜா இருந்த கோட்டை. அதற்குக் கீழே ஒரு குகை; முன்னொரு காலத்தில் நெருப்பு கக்குகிற பெரிய பாம்பு அங்கே இருந்ததாம். வண்டியில் வளையம் வளையமாக ரொட்டியைக் கோத்து விற்பார்கள். நம் ஊர் முறுக்கை நான்கு மடங்கு பெருசாக்கின மாதிரி இருக்கும். ஊர் நடுவில் ஒரு மாதா கோயில் கோபுரம். மணிக்கு ஒரு தடவை அதன் உச்சியிலிருந்து ஒருவர் கொம்பு ஊதுவார். ஊதிக்கொண்டே இருப்பவர் பாட்டைப் பாதியிலேயே சட்டென்று நிறுத்திவிடுவார். வெகு காலத்துக்கு முன்னால் எதிரி வருவதைப் பார்த்து ஊரை எழுப்ப ஒரு காவல்காரர் அங்கிருந்து ஊதினாராம். தொண்டையில் அம்பு பாய்ந்து ஊதல் நின்றுபோனதாம். அவர் நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிறுத்துகிறார்கள். முதல் தடவை கேட்டபோது, போன்தான் கட்டாகிவிட்டது என்று என் மனைவி "ஹலோ ஹலோ" என்று கத்தினாள்.

இன்னொன்றும் மகள் சொன்னாள். அவள் இருக்கும் சந்துக்குள் நுழையும்போது காற்று முகத்தில் அடித்துத் தள்ளுமாம். "நம்ம கோயில் கோபுர வாசல் மாதிரியே இருக்குப்பா" என்றாள். தென்காசிக் கோபுர வாசலில் காற்று அப்படித்தான் ஆளைத் தள்ளும். அதைக் கேட்ட அன்று எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஆனால் அந்தச் சந்துக்குள் ஓர் அறை கிடைக்க அவள் பட்ட பாடு பெரிது. பழைய ஊர், ஊர் முழுக்கப் படிக்க வந்த பிள்ளைகள். ஓர் இடத்தில் சமையல் வாடை வரும் என்று வேண்டாம் என்றார்கள். இன்னோர் இடத்தில் அவள் போய்ச் சேருவதற்குள் வேறு ஆள் வந்துவிட்டது. கடைசியில் ஓர் அம்மாள் சரி என்றார். ஐம்பது வயதிருக்கும். தனியாக இருக்கிறார். பியானோ என்கிற பெரிய பெட்டி வாத்தியத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. கீழே அவர் இருப்பு. மரப்படி ஏறினால் மேலே ஓர் அறை, சமைக்க ஒரு மூலை, ஒரு குளியலறை. "சமைக்கலாமா" என்று மகள் பயந்துகொண்டே கேட்டிருக்கிறாள். எனக்கும் கொஞ்சம் கொடுத்தால் சமைக்கலாம் என்றாராம்.

இனிமேல்தான் விஷயம்.

நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பது உங்களுக்குத் தெரியும். என் மனைவி எதை விட்டாலும் அதை விடமாட்டாள். மகள் பெட்டியில் எண்ணெயை டின்னில் அடைத்துக் கொடுத்தோம். சீயக்காய்ப் பொடியும் இரண்டு பொட்டலம். அவளும் தவறாமல் செய்தாள். எண்ணெயைக் கதகதவென்று சூடாக்கித் தலையிலும் உடம்பிலும் தேய்த்து, ஊற வைத்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு போன் பண்ணுவாள். அம்மாவுக்கு அதைப் பார்த்தால்தான் சாப்பாடு இறங்கும்.

சூடாக ஊற்றிய எண்ணெய் குழாய்க்குள் போனதும் என்ன ஆகும்? அங்கே வெளியே பனி கொட்டுகிறது. குழாயோ சுவருக்குள் போகிற பழைய குழாய். எண்ணெய் உறைந்திருக்கிறது. அதன்மேல் சீயக்காய்ப் பொடி ஒட்டியிருக்கிறது. அடுத்த வெள்ளி அதன்மேல் இன்னொரு பூச்சு. கொத்தனார் சுவர் பூசுகிற மாதிரி வாரா வாரம் பூசிக்கொண்டே வந்திருக்கிறாள், அவளுக்கே தெரியாமல்.

அந்த ஊர்க் குளியலறையில் நம் ஊர் மாதிரித் தரையில் தண்ணீர் போக ஓட்டை கிடையாது. ஒரு மூலையில் ஒரு சாண் உயரத்துக்கு விளிம்பு கட்டிய தொட்டி இருக்கும். அதற்குள் நின்று, மேலே பூவாளி மாதிரி விழுகிற தண்ணீரில் குளிக்க வேண்டும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை காலை. தலையில் சீயக்காய், கண்ணைத் திறக்க முடியாது. தண்ணீர் தலையில் சோவென்று கொட்டுகிறது. காலைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் உடனே என்னவோ ஏதோ என்று கண்ணைத் திறந்திருக்கும். இவள் குற்றால அருவியில் குளித்து வளர்ந்தவள். அருவியில் நிற்கும்போது காலைச் சுற்றித் தண்ணீர் நிற்காமல் வேறு எங்கே நிற்கும்? மெயின் அருவியில் நிற்கிற நினைப்பில் சுகமாக நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

தண்ணீர் விளிம்பைத் தாண்டி, கதவுக்கு அடியில் போய், மரத்தளத்தில் இறங்கி, கீழ்வீட்டுக் கூரை வழியாகச் சொட்டியிருக்கிறது. கீழே அந்த அம்மாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சரியாக அந்தக் காப்பிக்குள் விழுந்திருக்கிறது.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டு மகள் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து திறந்தால், காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி அந்த அம்மாள் நிற்கிறார். காப்பியின்மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கிறது.

அங்கே காலை என்றால் நமக்கு மதியம். நான் பாட்டிலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் அண்ணன் சாப்பிட வந்திருந்தார். அவர் போலீசில் இருக்கிறார். போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய், விரல் வழுக்கியது. முழங்கையால் தேய்த்ததில் ஸ்பீக்கரே வந்துவிட்டது.

"எப்பா, ஸ்பீக்கர்ல போடாதீங்க" என்றாள் மகள். அதையே எல்லோரும் கேட்டுவிட்டோம்.

அழுதுகொண்டே முழுவதும் சொன்னாள். கூரை நனைந்து ஊறிக் கிடக்கிறது. தண்ணீர் சொட்டிய இடத்திலிருந்து பியானோ கை எட்டும் தூரத்தில்தான் இருந்ததாம், தப்பித்தது. பரீட்சை நெருங்குகிறது. இந்த அறை போனால் வேறு அறை இப்போது கிடைக்காது. இருக்க ஒரு விலாசம் இல்லையென்றால் அந்த நாட்டில் தங்க அனுமதிக்கிற அட்டைக்கும் சிக்கல் வரும். அவ்வளவையும் சொல்லிவிட்டு, "நான் என்னப்பா செய்ய" என்றாள்.

என் மச்சினர் சோற்றில் கை வைத்தபடியே போனைப் பார்த்துச் சொன்னார்: "ஏட்டி, அழாத. தண்ணி படிக்கப் போனவ தண்ணியிலயே மாட்டிக்கிட்ட. சரி, கேளு. எண்ணெயப் பத்தி வாயத் தொறக்காத. ராசா காலத்து வீடு, ராசா காலத்துக் குழாய். தானா அடைச்சிட்டுன்னு சொல்லிரு. எவனும் ஒண்ணும் கேக்க முடியாது."

"மாமா, எண்ணெய் டின்னையும் சீயக்காய் டப்பாவையும் கொண்டு போய் அவங்க மேசையில வச்சு, இதுதான் காரணம்னு சொல்லிட்டுதான் ஒங்களுக்குப் போன் பண்ணுதேன்."

மச்சினர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சாட்சிப் பொருளையே ஒப்படைச்சிட்டியா. அப்ப நான் சாப்பிடுதேன்" என்று குனிந்துவிட்டார்.

அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்டேன். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாராம். பிறகு பேசுவோம் என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். வைதிருந்தால்கூட நாங்கள் கொஞ்சம் தேறியிருப்போம். வையாமல் போனவர் என்ன முடிவு பண்ணுவாரோ என்பதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் குழாய் வேலைக்காரர் வந்து பார்த்தார். குழாயின் அடிவளைவைக் கழற்றியதும் கட்டி கட்டியாக வந்து விழுந்ததாம். வெள்ளையும் பழுப்புமாக, வெல்லம் போட்ட தேங்காய் பர்பி மாதிரி இருந்தது என்றாள் மகள். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இத்தனை வருஷத் தொழிலில் இப்படி வாசமான அடைப்பைப் பார்த்ததில்லை என்றாராம். ஆனால் மிச்சம் சுவருக்குள் இருக்கிறது. பழங்கால வீடு என்பதால் நினைத்தபடி சுவரை உடைக்க முடியாது. நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும். அதுவரை மேல்வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக்கூடாது என்று திருகி மூடிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது?

அன்று நான் புளியறைக்குச் சரக்குப் போடப் போயிருந்தேன். கேரள எல்லைச் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனில் பேசினேன். கல்லூரி விடுதியில் இடமில்லை என்றாள். கூடப் படிக்கிற பிள்ளை தன் அறையில் தரையில் நாலு நாள் படுத்துக்கொள் என்றிருக்கிறது. அங்கே ஏற்கெனவே நாலு பேர். பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் என் மனைவியும் அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "படிச்ச வரைக்கும் போதும் தாயி. வந்துரு" என்றாள். மகள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் வரமாட்டேன் என்று சண்டை போடுகிற பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியை மூடப்போகும்போது, கீழே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. ஈரத்திலிருந்து சாமான்களை நகர்த்துகிறார் போல, நாம்தானே காரணம், உதவி பண்ணுவோம் என்று இறங்கிப் போயிருக்கிறாள். அந்த அம்மாள் இடுப்பைக் கொடுத்துப் பியானோவைத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த முனையைப் பிடி என்று கையைக் காட்டினார். இருவரும் சேர்ந்து அதை எதிர்ச்சுவருக்குத் தள்ளினார்கள். பிறகு அவர் உள்ளே போய் மடக்குக் கட்டில் ஒன்றை இழுத்து வந்தார். பியானோ இருந்த இடத்தில் விரித்தார். தலையணை போட்டார். அதுவரை என் மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையணையைத் தட்டிவிட்டு, "பெட்டியை எடுத்து வா. பரீட்சையை வைத்துக்கொண்டு தெருவில் அறை தேடக் கூடாது" என்றிருக்கிறார்.

ஏன் என்று இவள் கேட்டிருக்கிறாள். உங்கள் கூரையைக் கெடுத்தவளை ஏன் அதே கூரைக்குக் கீழே படுக்க வைக்கிறீர்கள் என்று.

அவர் சொன்ன பதிலை மகள் எங்களுக்கு அப்படியே சொன்னாள். "நீ போனால் வேறு யாராவது வரப்போகிறார்கள். அவர்கள் குழாயில் என்ன ஊற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நீ ஊற்றியது எனக்குத் தெரியும். என் மேசையில்தான் இருக்கிறது."

பிள்ளைகளே, இதைக் கேட்டதும் என் மனைவி போனைக் கீழே வைத்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய்விட்டாள். நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கேயோ இருக்கிற ஓர் அம்மாள். என் பிள்ளையின் பெயரைக்கூட அவரால் சரியாகச் சொல்ல வராது. அவர் தன் பியானோவைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தை என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்.

அனுமதி வந்து குழாய் மாற்றும்வரை அவள் அந்த அறையில்தான் இருந்தாள். சாயங்காலம் வாத்தியம் படிக்கச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள். அப்போது இவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது தன் கட்டிலில் யாராவது ஒரு பொடியன் தன் முறைக்காக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பானாம்.

அந்த எண்ணெய் டின் என்ன ஆனது தெரியுமா? தேங்காய் எண்ணெய் அந்த ஊர்க் கடைகளில் சமையல் சாமான்களோடு இருக்குமாம். சாப்பிடுகிற பொருளையா தலையில் ஊற்றினாய் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கைச் சீவி, மாவு கலந்து, நம் எண்ணெயில் அடை மாதிரிச் சுட்டுக் கொடுத்தார். நல்ல வாசம் என்று சொல்லித் தானும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு டின் அடுப்புப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

நம் ஊர் அருவியில் போர்டு வைத்திருப்பதை மகள் ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். அதையே தமிழில் எழுதச் சொல்லிக் குளியலறைக் கதவில் ஒட்டிவிட்டார். நீங்கள் என்றைக்காவது கிராக்கோவுக்குப் படிக்கப் போய், ஒரு பழைய வீட்டுக் குளியலறைக் கதவில் "எண்ணெய், சீயக்காய் தேய்த்துக் குளிக்கக் கூடாது" என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். அது எங்கள் வீட்டுப் பிள்ளையின் கையெழுத்து.

எனக்கு அவருக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்த ஊர்ப் பேச்சில் நன்றிக்கு "ஜென்குயே" என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகினேன். வீடியோவில் அவர் முகம் வந்ததும் கை கூப்பி "ஜென்குயே" என்றேன். அவரும் கை கூப்பி, "நன்றி" என்றார். அவரும் என்னை மாதிரியே பழகி வைத்திருக்கிறார். அதோடு எனக்குத் தெரிந்த வார்த்தை தீர்ந்தது, அவருக்குத் தெரிந்ததும் தீர்ந்தது. கொஞ்ச நேரம் இருவரும் கை கூப்பியபடியே இருந்தோம்.

மகள் பரீட்சையில் தேறினாள். பனி போனதும் அனுமதி வந்தது, குழாய் மாறியது, கூரைக்கு வெள்ளை அடித்தார்கள், அவள் மறுபடி மேலே போனாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மட்டும் கீழேதான். என் மச்சினர் இப்போதும், "பொருளை ஒப்படைச்சு ஜாமீன் வாங்கின ஒரே ஆளு எங்க வீட்டுப் பிள்ளைதான்" என்று ஸ்டேஷனில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இந்த வருஷம் சாரல் விழுந்து, நான் குற்றாலத்தில் கடை போட்ட முதல் ஞாயிறு. மெயின் அருவியில் நல்ல தண்ணீர். மகளுக்குக் காட்டலாம் என்று கடையைப் பக்கத்துக் கடை அண்ணாச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனோடு போனேன். அவள் கீழ்வீட்டில் மேசைக்கு முன்னால் இருந்தாள். அந்த அம்மாள் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். போனை அருவிப் பக்கம் திருப்பினேன். மேலேயிருந்து சோவென்று விழுகிறது. கீழே அத்தனை ஜனம், தலையைக் கொடுத்துக் கண்ணை மூடி நிற்கிறது. அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்து சொல்ல முடியவில்லை.

"என்னம்மா கேக்காங்க?"

"இவ்வளவு தண்ணி விழுதே, இதுக்குக் கீழ்வீட்டுல யாரு இருக்கான்னு கேக்காங்கப்பா."

நான் யோசித்தேன். அருவித் தண்ணீர்தான் சிற்றாறாகி எங்கள் ஊர் வழியாக வயலுக்குப் போகிறது. "நாங்கதான் இருக்கோம்னு சொல்லு. அதான் எண்ணெய் தேய்க்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்குன்னு சொல்லு" என்றேன்.

மகள் சொன்னாள். அந்த அம்மாள் ரொம்பச் சரி என்பது போலத் தலையை ஆட்டினார். பிறகு மெல்ல நிமிர்ந்து தன் வெள்ளைக் கூரையை ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு, காப்பிக் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.